"போர்ட் போயிட்டுது, புதுசு எடுங்க"

வவுனியா தொடங்கி முல்லைத்தீவு வரை ரீவி ஓன் ஆகவில்லை என்று கடைக்குத் தூக்கிப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். அந்தப் பதிலை நம்பி எத்தனை வீடுகளில் தவணைக் காசு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்! ஏற்கெனவே நுண்கடனில் மாட்டுப்பட்ட வீடுகள் வேறு.

என் கருத்து இதுதான் உறவுகளே: கடைக்குப் போகுமுன் பாதி வேலையை வீட்டிலேயே செய்யலாம். மூடியைக் கழற்றவே தேவையில்லை.

முதலில் சிவப்பு லைட்டைப் பாருங்கள். அதுவே இல்லையென்றால், அதே பிளக்பேஸில் ஃபோன் சார்ஜரை மாட்டுங்கள். சார்ஜர் வேலை செய்தால் கரண்ட் வருகிறது. 13 அம்பியர் சதுரப் பிளக் என்றால் அதற்குள்ளேயே ஒரு குட்டி உருகி இருக்கும். அது போயிருந்தால் அதே அம்பியரில் இன்னொன்று போட்டால் போதும்.

சிவப்பு லைட் இருக்கிறது, ஆனால் ஓன் ஆகவில்லையா? ரிமோட்டை ஃபோனின் முன்பக்கக் கமராவுக்குக் காட்டி அழுத்துங்கள். நுனியில் வெளிச்சம் மின்னினால் ரிமோட் சரி. பிறகு பிளக்கைக் கழற்றி, ரீவியின் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, சில நிமிடம் கழித்து மாட்டிப் பாருங்கள். இன்றைய ரீவி பாதி கணினி. அதுவும் சில நேரம் உறைந்து நிற்கும்.

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் அறையை இருட்டாக்கி, திரையில் டோர்ச்சைச் சரித்து அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பழுது பின்னாலுள்ள எல்ஈடி பட்டியிலோ, அதற்குக் கரண்ட் கொடுக்கும் பகுதியிலோதான். 'பனல் போயிட்டுது' என்று எவராவது சொன்னால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

இதற்கு மேல் உள்ளே கை வைக்காதீர்கள். 230 வோல்ட் மின் உள்ளே நேர்மின்னாக மாறும்போது 325 வோல்ட் அளவுக்கு ஏறும். பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கொள்ளளவி அதைப் பிடித்து வைத்திருக்கலாம். பழைய பெட்டி ரீவி இன்னும் மோசம். அதன் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட்.

கடைக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஊதிப்போன ஒரு கொள்ளளவியின் விலை தேத்தண்ணி, வடைக் காசுதான். ஆனால் அதைத் தேடிப் பிடிக்க நேரம் வேண்டும்; நாங்களோ 'இன்டைக்கே வேணும்' என்று நிற்கிறோம். முழு போர்ட்டை மாற்றுவது அவருக்குச் சுலபம். அதற்காக, கழற்றிய பழைய போர்ட்டைத் திருப்பித் தராமல் வைத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். அது உங்கள் பொருள், கேட்டு வாங்குங்கள். பழுதுபார்ப்பதும் ஓர் அமானிதம்தான்.

பழுது ஏன் கூடியது? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9இல் நாடே இருண்டது. பாணந்துறை உபநிலையத்தில் புகுந்த குரங்குதான் காரணம் என்றார் அமைச்சர். போன கரண்ட் திரும்பும்போது சில வேளை எகிறி வரும், முதல் அடி ரீவியின் பவர் போர்டுக்கு. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம்.

ரீவி வெறும் நாடகப் பெட்டி அல்ல. 2020 முடக்கத்தில் சிக்னல் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு நேத்ராவில் வந்த குருகெதர பாடம்தான் பள்ளிக்கூடம்.

தொண்ணூறுகளின் தடைக்காலத்தில் வன்னிக்குள் பற்றரியே வரவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட மண் இது. எங்களை அப்போது இங்கே இருக்க விடவில்லை. புத்தளத்தில் வளர்ந்த எனக்கு இதைச் சொன்னவர்கள் சக ஆசிரியர்கள். அந்தக் கைப்பழக்கம் எங்கே போனது? இன்று சாதாரண தரத்தில் 'வடிவமைப்பும் மின், இலத்திரனியல் தொழினுட்பவியலும்' என்றொரு பாடமே இருக்கிறது. பிள்ளை பல்மானியை அழகாக வரைந்து பெயரிடும். அதைக் கையில் பிடித்து ஓர் உருகியைச் சோதித்த பிள்ளை எத்தனை பேர்?

ஆகவே ஒரு வேண்டுகோள். கடையில் கேட்டு வாங்கும் பழைய போர்ட்டுகளைக் குப்பையோடு எரிக்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். கொள்ளளவியின் மின்னை இறக்கித் தரும்படி கடைக்காரரிடமே சொல்லுங்கள். தரம் 10 பிள்ளைகளுக்கு எனக்கு இருபது போர்ட் தேவை. இன்பொக்ஸில் சொன்னால் நானே வந்து எடுக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.