அடுப்பங்கரையில் தொடங்கட்டும் போஷாக்குக் கல்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

கிராமங்களில் போஷாக்குக் கல்வி நடத்துவோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகளைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையை முழுமனத்தோடு ஆமோதிக்கிறேன். எனினும், தாய்மார்களின் பாஷையையும் அடுப்பங்கரையையும் அறியாது செய்யும் உபதேசம் பயன் தராதென்பதை அக்கட்டுரை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

1960-இல் ஆந்திரத்தினின்று தமிழகத்தோடு இணைந்த எங்கள் திருத்தணி வட்டாரத்தில், வீட்டில் தெலுங்கு பேசுவோர் பலர். அருகிலுள்ள நெசவாளர் கிராமமொன்றில், ஆப்பிளும் பாதாமும் அச்சிட்ட படத்தை மாட்டி, புரதம், நுண்சத்து என்று ஏட்டுத் தமிழில் ஒருவர் பேசிக்கொண்டே போக, தறியை நிறுத்திவிட்டு வந்திருந்த பெண்கள் மௌனமாக எழுந்து சென்றதைக் கண்டு மனம் நொந்தேன். வேறொரு நாள், அங்கன்வாடிப் பணியாளர் கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையைப் பிசைந்து அடை தட்டிக் காட்டியபோதோ, அதே பெண்கள் சூழ்ந்து நின்று, கைக்குழந்தைக்கு இதைக் கூழாக்கித் தரலாமா என்று தெலுங்கில் ஆர்வத்தோடு வினவினார்கள்.

1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மாதந்தோறும் குழந்தையை எடை போட்டு, வளர்ச்சி அட்டையைத் தாய்க்கே காட்டி விளக்கினார்கள். அம்முறையே உத்தமமானது.

ஆகவே, செப்டம்பரில் ஊட்டச்சத்து மாதம் கொண்டாடுவதோடு நில்லாமல், எடை பார்க்கும் நாள்தோறும், தறி ஓயும் மாலை வேளையில், இரு மொழியிலும் சமைத்துக் காட்டும் வகுப்பு நடைபெற மாவட்ட நிர்வாகம் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருத்தணி.