மணி ஓய்ந்தபின் சூட்டிய மாலை

2008 நவம்பரில், சான் டியேகோ பாட்ரேஸ் என்னும் அமெரிக்க பேஸ்பால் அணி, தன் பந்தெறிவாளர் டிரெவர் ஹாஃப்மனிடம் முன்வைத்திருந்த ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஓராண்டுக்கு 40 லட்சம் டாலர். அதற்கடுத்த ஆண்டு அவர் வேண்டுமா வேண்டாமா என்பதை அணியே முடிவு செய்யும். அவர் அதற்கு இன்னும் இசைவு தந்திருக்கவில்லை. தரப்பட்டது தரப்படாததாயிற்று. 16 பருவங்கள், அந்த ஒரே அணிக்காக 552 வெற்றிகளைக் காத்துத் தந்த 41 வயது மனிதருக்குக் கிடைத்த விடை அவ்வளவே.

'இதில் வருந்த என்ன இருக்கிறது, இது வெறும் வணிகம்' என்று அன்றே சொன்னார்கள். இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒற்றை வாக்கியத்தோடுதான் எங்களுக்கு வழக்கு.

பேஸ்பாலை அறியாத நண்பர்களுக்காகச் சிறு விளக்கம். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறிவாளர் களைத்ததும், மாற்றுப் பந்தெறிவாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். அவர்களுள் கடைசியாக வருபவருக்கு 'குளோசர்' என்று பெயர். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஓட்டங்கள் வரையிலான முன்னிலையைக் கையில் கொடுத்து, ஒன்பதாம் இன்னிங்ஸில் அவரை இறக்கிவிடுவார்கள். அந்த முன்னிலையை இழக்காமல் ஆட்டத்தை முடித்துவைத்தால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்' ஏறும். கிரிக்கெட்டில், நெருக்கடியான ஆட்டங்களின் கடைசி ஓவரை மட்டும் வீசுவதற்கென்றே ஒருவரை வைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்டால் ஓரளவு புரியும். அவர் இருபது ஆட்டங்களைக் காத்தால் அது கடமை. ஒன்றை நழுவவிட்டால் ஊர் முழுக்க அதே பேச்சு.

ஹாஃப்மன் நழுவவிட்டதும் உண்டு, அதை மறைப்பது எங்கள் நோக்கமன்று. 1998 உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில் யாங்கீஸ் அணியின் ஸ்காட் பிரோஷியஸ் அவர் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். 2007 செப்டம்பர் 29 அன்று மில்வாக்கியில், இன்னும் ஒரே ஒரு ஸ்டிரைக் விழுந்தால் பாட்ரேஸ் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். அவ்வேளையில் டோனி குவின் ஜூனியர் அடித்த அடி ஆட்டத்தைச் சமனாக்கியது. பாட்ரேஸ் அணிக்காகவே இருபதாண்டு ஆடிய டோனி குவினின் மகன் அவர். இரண்டு நாள் கழித்து டென்வரில் பதின்மூன்றாம் இன்னிங்ஸில் இரண்டு ஓட்ட முன்னிலையும் அவர் கையிலிருந்து போயிற்று. இத்தனைக்கும் பிறகு 2008-இல் அவர் மைதானத்துள் நுழைந்தபோதெல்லாம் சான் டியேகோ மக்கள் எழுந்து நின்றார்கள். அந்த மக்கள் கணக்குப் பார்க்கவில்லை என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்வோம்.

அவர் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். 1993-இல் பாட்ரேஸ் நிர்வாகம் சம்பளச் செலவைக் குறைப்பதற்காகத் தன் நட்சத்திரங்களை ஒவ்வொருவராகக் கைமாற்றியது. முந்தைய ஆண்டு தேசிய லீகின் மட்டைச் சராசரியில் முதலிடம் பெற்ற கேரி ஷெஃபீல்டு அவ்வகையில் ஃபுளோரிடாவுக்கு அனுப்பப்பட்டார். பதிலுக்கு வந்தவர்களுள் ஒருவர் ஹாஃப்மன். இடைத்தடுப்பாளராகத் தொடங்கிப் பந்தெறிவாளராக மாற்றப்பட்ட, எவரும் அறியாத இளைஞர். ஊரார் அவரைக் கூச்சலிட்டே வரவேற்றார்கள். ஆக, கணக்குப் புத்தகத்தின் வழியே உள்ளே வந்தவர், பதினைந்தாண்டுகள் கழித்து அதே கணக்குப் புத்தகத்தின் வழியே வெளியே அனுப்பப்பட்டார். இடையிலிருந்த பதினைந்தாண்டுகள் அணிக்கு எதையும் கற்றுத்தரவில்லை போலும்.

அந்த ஆண்டுகளில் நடந்தது சாமானியமானதன்று. 1994-இன் வேலைநிறுத்தக் காலத்தில் கடற்கரையில் விளையாடித் தோளைக் காயப்படுத்திக்கொண்டார். மணிக்கு 95 மைல் தொட்ட வேகம் போயிற்று. வேகம் போனவர் மெதுவாக எறியக் கற்றுக்கொண்டார். உள்ளங்கையில் பதித்து எறியும் 'சேஞ்ச்-அப்' என்ற அந்தப் பந்து, வேகப்பந்தைப் போலவே கையைவிட்டுக் கிளம்பி, மட்டை சுழன்று முடிந்தபின் வந்து சேரும். அதை வைத்துக்கொண்டு 1998-இல் 53 சேவ். 2003-இல் தோள் அறுவைச் சிகிச்சையால் ஏறக்குறைய ஒரு பருவம் முழுவதும் இழந்து, 2004-இல் மீண்டு வந்து 41. 2006 செப்டம்பரில் லீ ஸ்மித்தின் 478-ஐக் கடந்து உலகச் சாதனை. 2007-இல் 500 சேவ் கண்ட முதல் மனிதர்.

1998 ஜூலை முதல் அவர் வருகையை ஒரு மணியோசை அறிவித்தது. ஏசி/டிசி குழுவின் பாடலொன்றின் தொடக்கத்தில் ஒலிக்கும் கனத்த மணி அது. அந்த ஒலிபெருக்கி அணியுடையது. பெரிய திரை அணியுடையது. இவர் எங்கள் வீட்டுப் பிள்ளை, எங்கள் ஊரின் முகம் என்ற எண்ணத்தை ஊட்டி, அரங்கின் இருக்கைகளை விற்றதும் அணிதான்.

நிற்க. எதிர்க்கட்சியின் வாதங்களை மறைப்பது எங்கள் வழக்கமன்று. 2008-இல் பாட்ரேஸ் 99 ஆட்டங்களில் தோற்றது. வெற்றியே அரிதான அணிக்கு வெற்றியைக் காப்பவர் எதற்கு என்று கேட்டார்கள். உரிமையாளர் ஜான் மூர்ஸின் மணவிலக்கு வழக்கால் அணியின் கையிருப்பு இறுகிக் கிடந்தது. ஹாஃப்மன் மட்டுமல்லாது கலீல் கிரீன், ஜேக் பீவி எனப் பலரும் அடுத்தடுத்து வெளியேற நேர்ந்தது. அவர் இடத்துக்கு வந்த ஹீத் பெல் 2009-இல் 42 சேவ் எடுத்துத் தேசிய லீகில் முதலிடம் பெற்றார். மில்வாக்கிக்குச் சென்ற ஹாஃப்மன் 2009-இல் 37 சேவ் எடுத்து ஒளிர்ந்தாலும், 2010-இல் தடுமாறித் தம் இடத்தை இளைஞர் ஜான் ஆக்ஸ்ஃபோர்டிடம் இழந்தார். இவை அனைத்தும் உண்மை. அனைத்தையும் ஒப்புக்கொள்கிறோம். நாற்பதைக் கடந்தவரை விட்டுவிடலாம் என்று அணி முடிவு செய்திருந்தால் அது பிழையான கணக்கென்று நாங்கள் வாதாடமாட்டோம்.

எங்கள் குற்றச்சாட்டு வேறு. அணி இரண்டு நாக்குகளால் பேசியது. விற்கும்போது குடும்பத்தின் நாக்கு. கொடுக்கும்போது கணக்கனின் நாக்கு. எல்லாம் வணிகம்தான் என்றால் முதல் நாளிலிருந்தே அப்படிச் சொல்லியிருக்கலாமே? மணியடிப்பானேன், எழுந்து நிற்கச் சொல்வானேன்? 2003 காயத்துக்குப் பின் குறைந்த சம்பளத்துக்கு இசைந்து அவர் தங்கியபோதும், 2005 இறுதியில் கிளீவ்லாந்து அழைத்தும் போகாமல் நின்றபோதும், வணிகம் என்ற சொல்லை அணி உச்சரித்ததாகத் தெரியவில்லை. அப்போது அதற்குப் பெயர் விசுவாசம். விசுவாசம் ஆட்டக்காரரிடமிருந்து வர வேண்டும், வணிகம் அணியிடமிருந்து வரும் என்பதுதான் ஏற்பாடு. ஆற்றைக் கடக்கிற மட்டும் அண்ணன் தம்பி, அப்பால் நீ யார் நான் யார் என்று நம் கிராமத்துக் கிழவிகள் இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள்.

அப்படியானால் அணி என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். கூடுதலாக ஒரு டாலரும் கொடுத்திருக்க வேண்டியதில்லை. 'அடுத்த ஆண்டு உங்களுக்கு இங்கே இடமில்லை' என்று ஆகஸ்டிலேயே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். செப்டம்பரில் ஒரு மாலையைக் குறித்து, இதுவே கடைசி என்று ஊருக்கு அறிவித்திருக்கலாம். பாட்ரேஸ் சட்டையில் அவர் எறிந்த கடைசிப் பந்து எது என்பது அது எறியப்பட்டபோது எவருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. பதினொரு பருவங்கள் அந்த மணிக்கு எழுந்து நின்ற மக்கள், கடைசித் தடவை நின்றபோது அது கடைசி என்று அறியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். அணி அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது இதை. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

2013 செப்டம்பர் 26 அன்று யாங்கீஸ் அணி மாரியானோ ரிவேராவை அனுப்பிவைத்த விதத்தைப் பாருங்கள். ஹாஃப்மனின் சாதனையை 2011-இல் முறியடித்தவர் அவர். ஒன்பதாம் இன்னிங்ஸில் அவரை மேட்டிலிருந்து அழைத்துவர மேலாளர் போகவில்லை. பல்லாண்டுத் தோழர்களான டெரிக் ஜீட்டரும் ஆண்டி பெட்டிட்டும் நடந்துபோனார்கள். ரிவேரா பெட்டிட்டின் தோளில் சாய்ந்து அழுதார். யாங்கீஸ் செல்வந்த அணி, ரிவேரா தாமே ஓய்வை அறிவித்தவர் என்பது உண்மையே. எனினும் அந்த இருவரும் நடந்த நடைக்கு என்ன செலவாயிற்று?

பிற்பாடு பாட்ரேஸ் தாராளமாகத்தான் நடந்துகொண்டது. 2010 செப்டம்பரில் ஹாஃப்மன் தம் 600-ஆவது சேவை மில்வாக்கி சட்டையில் எடுத்து முடித்து, 2011 ஜனவரியில் ஓய்வுபெற்றதும், அவரை நிர்வாகத்துக்கு அழைத்துக்கொண்டது. அதே ஆகஸ்டில் அவருடைய 51 என்ற எண்ணை இனி எவரும் அணியலாகாது என்று ஓய்வளித்தது. 2018-இல் அவர் புகழ் மன்றத்தில் நுழைந்தபோது அரங்கில் சிலையும் வைத்தது. இதைக் காட்டி, 'பாருங்கள், அவரே மன்னித்துத் திரும்பிவிட்டார், உங்களுக்கென்ன?' என்பார்கள். மன்னித்தது அவர் பெருந்தன்மை. மன்னிக்கப்பட்டதாலேயே செய்தது நியாயமாகிவிடாது. மேலும், சிலை சம்பளம் கேட்பதில்லை. சிலைக்கு 41 வயது ஆவதில்லை. அது தடுமாறும் பந்தை எறிவதுமில்லை. செலவு வைக்காத நாளில் சூட்டப்படும் மாலையை மரியாதை என்று ஏற்க எங்களுக்கு மனம் வரவில்லை.

கடைசியாக எங்களையும் சேர்த்தே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2008-இல் அச்செய்தியைப் படித்தபோது எங்களில் பலரும் சராசரிகளை எடுத்துவைத்துக்கொண்டு, அணி செய்தது சரிதான் என்று தலையசைத்தோம். நமக்குச் சொந்தமில்லாத பணத்துக்கு நாம் ஏன் கணக்குப்பிள்ளை ஆனோம்? அணியின் பணத்தைக் காக்க அணிக்கு ஆட்கள் இருக்கிறார்கள். முதிர்ந்த ஒருவர் தம் இடத்தைவிட்டு இறங்கும்போது எழுந்து நிற்பதற்குத்தான் நாம் இருந்தோம். அந்த வேலையை நாம் செய்யவில்லை.