பழி தீர்த்த விதம்

தொலைக்காட்சித் தொடரில் கம்பெனி முதலாளியைப் பழிவாங்க இரு பெண்கள் கைகோத்தால், விஷமும் போலிக் கையெழுத்துமாகக் கதை வருடக்கணக்கில் இழுபடும். மூணாறு பெண்களுக்கு ஒன்பது நாள் போதுமானதாக இருந்தது! 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனி போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. (தொழிலாளர்களும் அதில் பங்குதாரர்கள் என்பது வேடிக்கை.) 232 ரூபாய் தினக்கூலி வாங்கிய நம் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு சாலையை மறித்தார்கள். ஆதரவு சொல்ல வந்த சங்கத் தலைவர்களையும் விரட்டினார்கள். சந்தா நம்மிடம், சிநேகிதம் நிர்வாகத்திடமா என்ற கோபம். என்னைக் கேட்டால் உண்மையான பழி அதுதான். போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. கூலி 500 கேட்டார்கள். பிறகு 301தான் வந்தது.

கல்கத்தாவில் நம் சங்கங்களின் செயற்குழுக்களில் எத்தனை பெண்கள்? குத்துவிளக்கு ஏற்றத்தானே தேடிப்பிடித்து அழைக்கிறோம்!