அமைதி யாருக்கு அழகு?

ஓர் ஊரைப் புகழ்வதற்கு நமக்கு எளிதில் கிடைக்கும் சொல் ‘அமைதி’. “ரொம்ப அமைதியான ஊர்” என்று ஒருவர் சொன்னால் போதும், கேட்பவர் உடனே தலையாட்டிவிடுவார். இரைச்சலுக்கும் நெரிசலுக்கும் நடுவே தங்கிப் படிக்கும் நமக்கு அந்தச் சொல் இனிப்பதில் வியப்பில்லை. ஆனால், அந்த அமைதி எப்படி வந்தது, அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. வடரஷ்யக் காட்டுக்குள் இருக்கும் கர்கோபோல் என்ற சிறு நகரத்தில் சென்ற ஆண்டு ஜூன் மாதம் நான்கு நாள் தங்கிய பிறகு இந்த எண்ணம் என்னுள் வலுப்பெற்றது.

ரஷ்யா என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு செய்திகள் நினைவுக்கு வரும். ஒன்று, அங்கே மருத்துவம் படிக்கப் போன உறவினர். மற்றொன்று, மாஸ்கோவில் அச்சாகித் தமிழில் வந்த பழைய நூல்கள். எனக்கும் அப்படித்தான். பெரியம்மா மகள் அங்கே மருத்துவம் பயில்கிறார். விடுமுறையில் அவரைப் பார்க்கப் போனபோது, “மாஸ்கோவை எல்லாரும்தான் பார்க்கிறாங்க, நாம வடக்கே போவோம்” என்று முடிவு செய்தவர் அக்காதான்.

மாஸ்கோவிலிருந்து ஆர்க்காங்கெல்ஸ்க் செல்லும் தொடர்வண்டியில் ஓர் இரவுப் பயணம். நியாந்தொமா என்ற நிலையத்தில் இறங்கி, மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பேருந்தில் செல்ல வேண்டும். நம் நாட்டு நெடுஞ்சாலையின் இருபுறமும் செம்பனை வருவதைப் போல, அங்கே பைனும் ஸ்புரூசும் பிர்ச்சும் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கின்றன. பிறகு காடு விலகுகிறது. அகன்ற ஒனேகா ஆறும், அதன் கரையில் வெள்ளைக் கல்லால் எழுப்பிய தேவாலயங்களும், மரவீடுகளும் கண்ணில் படுகின்றன. அதுதான் கர்கோபோல். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே ஏறத்தாழ 10,200 பேர் இருந்தனர். இப்போது அதைவிடவும் குறைவு.

அழகான ஊர் என்பதில் ஐயமில்லை. சன்னல் சட்டங்களில் மரச்செதுக்கு வேலைப்பாடு. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் விளக்கில்லாமல் புத்தகம் படிக்கலாம். தெருவில் நடந்தால் நம் காலடி ஓசை நமக்கே கேட்கிறது. நம் ஊர்க் கொசுக்களைத் தோற்கடிக்கும் கொசுக்கள் மட்டும் இல்லையென்றால் சொர்க்கம் என்றே சொல்லிவிடலாம்.

ஆனால், கர்கோபோல் அமைதிக்காகப் பிறந்த ஊர் அன்று. அதன் தோற்றத்தை 1146ஆம் ஆண்டோடு சேர்த்துச் சொல்வது அங்குள்ள மரபு. 16ஆம் நூற்றாண்டில் வெண்கடலில் காய்ச்சிய உப்பு இந்த ஆற்றுவழியாகத்தான் தெற்கே போனது. உப்பு வணிகர்களின் செல்வத்தில் நகரம் செழித்தது. 1562இல் கட்டி முடிக்கப்பட்ட கிறிஸ்து பிறப்புப் பேராலயம் இன்றும் நிற்கிறது. 1565இல் ‘கொடிய இவான்’ எனப்படும் ஜார் மன்னர் தம் நேரடிப் பிடிக்குள் கொண்டுவந்த வளமான ஊர்களில் கர்கோபோலும் ஒன்று. உப்பு மூட்டைகளும் படகோட்டிகளும் சந்தைக் கூச்சலுமாக இருந்த ஊர் அது.

பிறகு வணிகத்தின் வழி மாறியது. 1584இல் ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகம் நிறுவப்பட்டது. வெளிநாட்டு வணிகம் திவினா ஆற்றுவழிக்குப் போனது. 1703இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் எழுந்தது; வணிகம் பால்டிக் கடலை நோக்கித் திரும்பியது. 1765இல் பெருந்தீ நகரத்தைச் சூறையாடியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஆர்க்காங்கெல்ஸ்க்குக்கு இருப்புப்பாதை போட்டபோது, அது நியாந்தொமா வழியாகப் போனது. கர்கோபோலுக்கு இன்றுவரை தொடர்வண்டி இல்லை. ஆக, நாம் மெய்மறந்து கேட்கும் அந்த அமைதி ஒவ்வொரு முறையும் ஒரு வண்டியோ படகோ வராமல் போனதால் உண்டானது.

நகரத்துக்கே இந்த நிலை என்றால் சுற்றியுள்ள சிற்றூர்களைச் சொல்ல வேண்டியதில்லை. சோவியத் ஆட்சியில் 1960களிலும் 70களிலும் ஊர்களைத் தரம் பிரித்தார்கள். சிலவற்றுக்கு ‘எதிர்காலமற்ற ஊர்’ என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயர் விழுந்த ஊருக்குச் சாலை வராது, கடை வராது, பள்ளி நிலைக்காது. மக்கள் தாமாகவே மூட்டை கட்டுவார்கள். ஒரு சொல் ஓர் ஊரைக் கொல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1991இல் சோவியத் நாடு சிதறிய பிறகு வேலைகளும் போயின. ஆர்க்காங்கெல்ஸ்க் மாநிலத்தின் மக்கள்தொகை 1989இல் ஏறத்தாழ 1.57 மில்லியன், 2021இல் ஏறத்தாழ 1.02 மில்லியன். மூவரில் ஒருவர் குறைந்துவிட்டார். 2010 கணக்கெடுப்பின்போது ரஷ்யா முழுவதிலும் ஏறத்தாழ 19,000 சிற்றூர்கள் ஆளில்லாமல் பெயரளவில் மட்டுமே இருந்தன.

நாங்கள் தங்கிய வீட்டில் மாஸ்கோவிலிருந்து வந்த ஓர் இணையரும் தங்கியிருந்தனர். காலைத் தேநீரின்போது அந்தக் கணவர், “என்ன அமைதி! நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்” என்று வீட்டுக்கார அம்மையாரிடம் சொன்னார். அம்மையார் சமோவாரைத் துடைத்துக்கொண்டே, “குளிர்காலத்தில் வாருங்கள். இதைவிட அமைதியாக இருக்கும்” என்றார். இணையர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. அக்கா எனக்கு மொழிபெயர்த்துவிட்டு, “அவங்க பெருமைக்குச் சொல்லல, தம்பி” என்றார். அந்த அம்மையாரின் பிள்ளைகள் இருவரும் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறார்கள். கோடையில் இரண்டு வாரம் வருவார்களாம். அந்தத் தெருவில் கோடைக்கு மட்டும் சன்னல் திறக்கும் வீடுகள் பல.

இங்கே ஒருவர் மறுப்புச் சொல்லலாம். “ஒதுங்கிக் கிடந்ததால்தானே அந்த ஊர்களில் பழமை பிழைத்தது? அமைதி காப்பாற்றியதை நீ குறை சொல்கிறாயே?” நியாயமான கேள்வி. நம்மைப் போன்ற மொழிக் கழகத்தார் அவசியம் யோசிக்க வேண்டிய கேள்வியும்கூட.

ரஷ்ய மொழியில் ‘பிலீனா’ என்று ஒருவகை வாய்மொழிக் கதைப்பாடல் உண்டு. கீவ் நகரத்து மன்னரையும் இல்யா மூரொமெத்ஸ் போன்ற வீரர்களையும் பாடுவது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது பெரும்பாலும் அழிந்துவிட்டதாகவே படித்தவர்கள் கருதினர். அப்போது பெத்ரசவோத்ஸ்க் நகருக்கு நாடு கடத்தப்பட்டிருந்த ரீப்னிகோவ் என்பவர், 1860இல் ஒனேகா ஏரிப் பகுதியில் உழவர்களும் மீனவர்களும் அதை உயிரோடு பாடிக்கொண்டிருப்பதைக் கண்டார். அடுத்து வந்தவர் கில்ஃபெர்திங். ஸ்லாவிய மொழிகளுக்கும் சமஸ்கிருதத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்த மொழியறிஞர். 1871இல் ஒனேகா, கேனோசிரோ ஏரிக்கரைகளில் அலைந்து, 70 பாடகர்களிடமிருந்து 318 பாடல்களை எழுதிக்கொண்டார். மறு ஆண்டு மீண்டும் புறப்பட்டு வந்தவர், நோய் கண்டு இதே கர்கோபோலில் இறந்தார். அப்போது அவருக்கு 40 வயது. அவருடைய தொகுப்பு 1873இல் வெளிவந்தது.

அந்தத் தொகுப்பில் ஒரு சிறப்பு உண்டு. கதைவாரியாக அடுக்காமல், பாடியவர் வாரியாக அவர் பாடல்களை அடுக்கினார். எந்த ஊர், யார் பாடினார் என்பது முன்னே நிற்கும். பாடல் பின்னே வரும். பழமையைக் காத்தது காட்டின் அமைதியன்று. பெயருள்ள மனிதர்களின் குரல் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பாட ஆளும் கேட்க ஆளும் இருந்தவரை பாடல் இருந்தது. உண்மையிலேயே அமைதியாகிவிட்ட ஊரில் எந்தப் பாடலும் பிழைப்பதில்லை.

இன்னொரு சான்றும் கர்கோபோலிலேயே கிடைக்கிறது. அந்தப் பகுதியின் களிமண் பொம்மைகள் இன்று புகழ்பெற்றவை. பாதி மனிதனும் பாதிக் குதிரையுமான ‘பல்கான்’ பொம்மை நினைவுப் பொருள் கடைகளிலெல்லாம் நிற்கிறது. ஆனால், ஒரு காலத்தில் இந்தக் கைத்தொழில் ஏறக்குறைய அற்றுப்போனது. மற்றவர்கள் கைவிட்ட பிறகும், கிரீனெவோ என்ற சிற்றூரில் உலியானா பாப்கினா என்ற மூதாட்டி தொடர்ந்து பொம்மை பிடித்துக்கொண்டிருந்தார். 1889இல் பிறந்து 1977இல் மறைந்தவர். அவர் கையில் எஞ்சியிருந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் பிற்காலத்தார் அந்தக் கலையை மீட்டனர். நான் வாங்கிய பல்கான் என் மேசைமேல் இருக்கிறது. அது காட்டின் பரிசன்று, ஒரு கிழவியின் பிடிவாதத்தின் பரிசு.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. கர்கோபோலுக்கு அருகே 1991இல் கேனோசிரோ தேசியப் பூங்கா அமைந்தது. ஏரிகளையும் காடுகளையும் மட்டுமல்லாமல், உள்ளே இருக்கும் ஊர்களையும் மரத்தாலான சிற்றாலயங்களையும், மரம் வெட்டப்படாமல் காக்கப்பட்டு வரும் புனிதத் தோப்புகளையும் அது பேணுகிறது. 2024இல் புது டில்லியில் நடந்த கூட்டத்தில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே காக்கப்படுவது ஆளில்லாக் காடன்று, ஆள் வாழும் காடு. இந்த வேறுபாடுதான் முக்கியம். ஆளில்லாவிட்டால் என்னவாகும் என்பதற்கும் அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. லியாதினி என்ற ஊரில் 1761இல் கட்டிய மர ஆலயம் 2013 மே மாதம் மின்னல் தாக்கி எரிந்து சாம்பலானது. மின்னலை யாரும் தடுக்க முடியாதுதான். ஆனால், பகலெல்லாம் ஆள் நடமாடும் ஊரில் தீயைப் பார்க்கும் கண்களும் தண்ணீர் சுமக்கும் கைகளும் கூடுதலாக இருக்கும் அல்லவா?

2022இல் உக்ரேனில் போர் தொடங்கிய பிறகு ரஷ்யாவுக்குப் போவதே சரியா என்று சில நண்பர்கள் கேட்டனர். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. ஓர் அரசின் செயலுக்கும் ஒரு சிற்றூரின் மக்களுக்கும் உள்ள தூரத்தை நாம் மறக்கக்கூடாது என்று நான் நம்புகிறேன். அதே வேளையில், ஒன்றுமே நடவாததுபோல் ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதும் சரியன்று. கீவ் நகரத்து வீரர்களின் கதைகளை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் இந்த வடக்குக் காட்டு மக்கள்தாம் பல தலைமுறை மனப்பாடமாகக் காத்தார்கள். அந்தக் கீவ்மீது ஏவுகணை விழுந்த செய்தியை நாமெல்லாம் படித்தோம். இதை நினைக்காமல் அந்த ஏரிக்கரையில் நிற்க என்னால் முடியவில்லை.

நம் கதைக்கு வருவோம். நான் படித்த தமிழ்ப்பள்ளி தோட்டப்புறத்தில் இருந்தது. தோட்டம் கைமாறியது, குடும்பங்கள் பட்டணத்துக்குப் போயின, மாணவர் எண்ணிக்கை சுருங்கியது. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530ஐ ஒட்டித்தான் இருக்கின்றன. இருப்பவற்றில் பல ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்ற பட்டத்தைச் சுமக்கின்றன. ‘எதிர்காலமற்ற ஊர்’ என்ற ரஷ்யச் சொல்லைக் கேட்டபோது எனக்கு இந்தப் பட்டம்தான் நினைவுக்கு வந்தது. தீமிதித் திருவிழாவுக்குக் காரில் வந்திறங்கி, “எவ்வளவு அமைதியான இடம்!” என்று சொல்லிவிட்டு மாலையே திரும்பும் நம் அண்ணன்மார்களுக்கும் அந்த மாஸ்கோ இணையருக்கும் என்ன வேறுபாடு?

ஊர்களைப் பார்க்கப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போக வேண்டும், இன்னும் அதிகமாகப் போக வேண்டும். ஆனால், கில்ஃபெர்திங் போனதைப்போலப் போக வேண்டும். பெயர் கேட்க வேண்டும். என்ன செய்கிறீர்கள், எப்படிக் கற்றீர்கள், அடுத்து யார் செய்வார் என்று கேட்க வேண்டும். ஒரே நாளில் திரும்பாமல், அவர்கள் வீட்டில் தங்கி, அவர்கள் கடையில் வாங்கி, அவர்கள் மொழியில் வணக்கமாவது சொல்ல வேண்டும். ரஷ்ய எழுத்துகள் 33தான். 247 எழுத்துகளைப் பாலர் வகுப்பிலிருந்து சுமந்து வந்த நமக்கு அது ஒரு வாரப் பாடம். வெளிநாட்டு வங்கி அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து அங்கே செல்லுபடியாகாததால் ரொக்கம் எடுத்துப் போக வேண்டும் என்பதையும் போகிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். அந்த ரொக்கம் நேராக ஒரு கைவினைஞரின் கைக்குப் போகட்டுமே!

நண்பர்களே, கல்லறைத் தோட்டமும் அமைதியாகத்தான் இருக்கிறது. ஓர் ஊருக்கு அதே பாராட்டைக் கொடுப்பதற்கு முன் அங்கே பள்ளி மணி அடிக்கிறதா என்று ஒருமுறை காது கொடுத்துக் கேட்போம். அடிக்கிறது என்றால், அந்த அமைதி மெய்யாகவே அழகு. அடிக்கவில்லை என்றால், நாம் புகழ வேண்டியது அந்த அமைதியையன்று, அதற்கு நடுவிலும் இன்னும் கதவைத் திறந்து வைத்திருப்பவர்களை.