முன்னேற்றம் இல்லாதவரின் மூவாயிரம் பக்கங்கள்

வேற்றுமைகளை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஸாசெட்ஸ்கி என்ற ருஷ்யச் சிப்பாயின் நினைவு எனக்கு வந்துவிடுகிறது. 'தந்தையின் தம்பி' என்பதற்கும் 'தம்பியின் தந்தை' என்பதற்கும் உள்ள வேறுபாடு அவருக்கு விளங்காது. (இங்கே 'இன்' உருபா, சாரியையா என்று இலக்கண நண்பர்கள் மல்லுக்கு வரவேண்டாம், அது தனி வழக்கு.) தந்தை என்றால் யாரென்று தெரியும். தம்பி என்றாலும் தெரியும். இரண்டையும் பிணைக்கும் உறவுதான் பிடிபடாது. யானை ஈயைவிடப் பெரிதா என்று கேட்டால் திகைத்து நிற்பார். யானையையும் ஈயையும் அறிவார். 'விட' என்பதை அறியார். தொல்காப்பியர் வேற்றுமைக்கென மூன்று இயல்களை ஒதுக்கியது ஏன் என்று எனக்கு உறைத்தது இந்த மனிதரைப் படித்த பிறகுதான்.

1943 மார்ச்சில் ஸ்மொலென்ஸ்க் பகுதிப் போரில் ஒரு தோட்டா அவருடைய இடப்பக்க மூளையின் பின்பகுதியைத் துளைத்தது. அதற்கு முன் அவர் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர். யூரல் மலைப்பகுதியில் கிசெகாச் என்னும் சிற்றூரில், 400 படுக்கைகள் கொண்ட ஓர் ஆரோக்கிய நிலையத்தைப் போர்க்கால மூளைக்காய மருத்துவமனையாக மாற்றியிருந்தார் அலெக்சாந்தர் லூரியா. அங்குதான் இருவரும் சந்தித்தனர். வலப்பக்கப் பார்வை இல்லை, எழுத்துகள் மறந்துவிட்டன, தன் உடலின் வலப்பாதி எங்கே என்பதே சில நேரம் தெரியாது. ஆனால் நெற்றிப்புற மூளைக்குச் சேதமில்லை. ஆதலால் தாம் இழந்தது என்னவென்று அவர் முழுமையாக அறிந்திருந்தார். இதைவிடக் கொடிய தண்டனையை எந்தக் காவியத்திலும் நான் வாசித்ததில்லை.

ஒவ்வோர் எழுத்தாக வரைய முயன்று தோற்றுக்கொண்டிருந்தவரிடம், கையை எடுக்காமல் சொல்லை ஒரே ஓட்டமாக எழுதிப் பாருங்கள் என்றார்கள். எழுத வந்துவிட்டது. எழுத்தின் வடிவம் மறந்துபோனாலும், அதை எழுதிப் பழகிய கையின் ஓட்டம் எஞ்சியிருந்தது. சேதமான வழியைச் செப்பனிட முடியாவிட்டால் சேதமாகாத வேறொரு வழியாகச் சுற்றிப் போவது. லூரியாவின் சிகிச்சை முறையைச் சுருங்கச் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் தாம் எழுதியதை அவரால் சரளமாகப் படிக்க முடியவில்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லின் இறுதிக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். அப்படியிருந்தும், ஒரு நாளைக்கு அரைப்பக்கம், கூடிப்போனால் ஒரு பக்கம் என இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 3000 பக்கங்கள் எழுதினார். முதலில் 'ஒரு பயங்கர மூளைக்காயத்தின் கதை' என்று பெயரிட்டவர், பிறகு 'தொடர்ந்து போராடுவேன்' என்று மாற்றிக்கொண்டார். அப்பக்கங்களிலிருந்து தேர்ந்தெடுத்துத் தம் விளக்கங்களுடன் லூரியா வெளியிட்ட நூல் 1972-இல் ஆங்கிலத்திலும் வந்தது.

இந்தக் கதையைப் பலரும் மன உறுதியின் வெற்றிக் கதையாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் குணமாகவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் இலக்கணம் திரும்பவில்லை, பார்வை திரும்பவில்லை. இன்றைய மறுவாழ்வுத் திட்டம் ஒன்றின் மதிப்பீட்டுத் தாளில் அவர் பெயருக்கு எதிரே 'முன்னேற்றம் இல்லை' என்றுதான் விழும். முன்னேற்றம் இல்லாத ஒருவரின் உழைப்புக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்?

கேள்வி பழையதல்ல. அமெரிக்கப் படைகளில் 2000-ஆம் ஆண்டு முதல் மூளைக்காயம் கண்டறியப்பட்டோர் ஐந்து இலட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவை இலேசானவை, அவர்களுள் பலர் சில வாரங்களில் தேறிவிடுவர். நான் பேசுவது எஞ்சிய சிறுபான்மையைப் பற்றி. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சாலையோரக் குண்டுகளுக்குத் தப்பிப் பிழைத்தவர்கள். முந்தைய போர்களாயின் களத்திலேயே இறந்திருக்கக் கூடியவர்கள். 2008-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மூளைக்காயமுற்ற முன்னாள் வீரர்களை உதவியாளர்களுள்ள இல்லங்களில் தங்கவைத்துப் பராமரிக்கும் சோதனைத் திட்டத்தை ஏற்படுத்தியது. ஐந்தாண்டுக் காலவரையறை. 2014-இல் மேலும் மூன்றாண்டு நீட்டிப்பு. காயத்துக்கு இல்லாத கெடு கவனிப்புக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

ஆயினும் 2012-இல் ஒரு நல்லது நடந்தது. அந்நாட்டின் முன்னாள் படைவீரர் சட்டத்தில், மூளைக்காய மறுவாழ்வு என்பது திறனை மேம்படுத்துவது மட்டுமன்று, பெற்ற மேம்பாட்டை இழக்காமல் தக்கவைப்பதும் ஆகும் என்னும் பொருளில் சொற்களைச் சேர்த்தார்கள். தக்கவைத்தல். ஒரே சொல். மேம்படாதவரை வெளியேற்றுவதற்கும் வைத்துக்கொள்வதற்கும் இடையே நிற்பது அதுதான். சட்டம் எழுதுவோரும் இலக்கணக்காரர்களே என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு; சிரிக்கிறார்கள்.

செலவு என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் இருபது வயது இளைஞனைப் போருக்கு அனுப்பும்போது அந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும். அதைப் போடாததால் பாரம் வீட்டின் மேல் விழுகிறது. ஸாசெட்ஸ்கியும் மருத்துவமனைக்குப் பின் வாழ்ந்தது தாயோடும் சகோதரிகளோடும்தான். அவர்கள் எழுதிய பக்கங்கள் ஏதும் நமக்கு வந்து சேரவில்லை. வீட்டில் பராமரிப்போருக்கு மாதாந்திர உதவித்தொகை வழங்கும் சட்டம் அமெரிக்காவில் 2010-இல் வந்தது. அதுவும் 2001 செப்டம்பருக்குப் பின் காயமுற்றோரின் குடும்பங்களுக்கு மட்டும். வியட்நாம் வீரர்களின் மனைவியருக்கு அந்தக் கதவு 2020-இல்தான் திறந்தது.

2006-இல் இருபது வயதில் காயமுற்றவனுக்கு இன்று நாற்பது வயது. அன்றுமுதல் அவனுக்குப் பொத்தான் மாட்டிவிடும் தாய் அறுபதைக் கடந்திருப்பாள். அவளுக்குப் பிறகு யார் என்பதுதான் அவள் தினமும் விழித்துக் கிடந்து யோசிப்பதாக இருக்கும்.