இரண்டு சில்லுக்கு மூன்று கிழமையா?

கடந்த மாதம் பாடசாலைக் கண்காட்சியில் எங்கள் விஞ்ஞானக் கழகப் பிள்ளைகள் செய்த பிளேரியோ 11 விமான மாதிரியைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் இரண்டு கேள்வி கேட்டார்கள்.

ஒரு வாப்பா: "இந்தச் சின்னச் சில்லு ரெண்டுக்கும் மூணு கிழமையா சேர்? ஒன்லைன்ல ஓடர் பண்ணினா வீட்டுக்கே வருமே."

ஓர் உம்மா: "புள்ளைகளுக்குச் சண்டைப் பிளேனையா செய்யப் பழக்குறீங்க?"

இரண்டும் நியாயமான கேள்விகள். அன்றைய சத்தத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சில்லு.

மாட்டுவண்டிச் சில்லின் ஆரக்கால் தடித்த மரம். பாரம் அழுத்தும்போது அடியில் நிற்கும் ஆரக்கால் தூண் மாதிரித் தாங்குகிறது. சைக்கிள் கம்பியை நட்டமாக நிறுத்தி உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், உடனே வளையும். ஆனால் அதே கம்பியைக் கையால் இழுத்து அறுக்க யாராலும் முடியாது. ஆகவே எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்து முறுக்கி வைத்துவிட்டால், பாரம் வரும்போது அடிக்கம்பியின் இழுவை கொஞ்சம் குறையுமே தவிர அது நெரிபடாது. மெல்லிய கம்பி ஒரு மனிதனையும் ஒரு மூடை அரிசியையும் சுமக்கும் இரகசியம் இதுதான்.

இந்த யோசனை சைக்கிளுக்காகப் பிறந்தது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அப்படியில்லை. இங்கிலாந்தின் சேர் ஜோர்ஜ் கேலி 1808 இலேயே பறக்கும் பொறிக்குப் பாரம் குறைந்த சில்லு தேடியபோது இதைக் குறித்து வைத்தார். விமானம் வருவதற்கு முன் சைக்கிள் வந்து அதை எடுத்துக்கொண்டது. நூறு வருடம் கழித்து விமானம் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ 37 நிமிடத்துக்குள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த விமானத்தின் அடியில் இருந்தது, நம் தெருவில் ஓடுகிற சைக்கிளின் உறவுக்காரச் சில்லுதான்.

பின்னர் வந்த சொப்வித் கமல் போன்ற போர் விமானங்களிலும் கம்பிச் சில்லுதான். ஆனால் காற்றின் தடையைக் குறைக்க அதன் இரு பக்கமும் துணி போட்டு மூடினார்கள். அவற்றுக்கு மாதிரி செய்கிறவர் வட்டத் தட்டொன்றை ஒட்டிவிட்டுத் தப்பிக்கலாம். பிளேரியோவில் அந்தச் சலுகை இல்லை. கம்பி எல்லாம் வெளியே தெரியும்.

சரி, வாங்கினால் என்ன? வாங்கலாம். மெல்லிய உலோகத் தகட்டை அமிலத்தில் அரித்து எடுத்த சில்லுகள் விற்கிறார்கள். நாங்கள் அவற்றைக் குறை சொல்லவில்லை. கோது மாதிரி மிகச் சிறியது செய்பவருக்கு அது பெரிய உதவி. 700 மில்லிமீற்றர் விட்டமுள்ள சில்லு 1/32 அளவிடையில் 22 மில்லிமீற்றர்தான் வரும். 2 மில்லிமீற்றர் கம்பி தலைமயிர் அளவுக்கு மெலிந்துவிடும். ஆனால் தகட்டில் வெட்டிய கம்பி தட்டையானது. ஒன்றையொன்று தாண்டிப் போக வேண்டிய கம்பிகள் அங்கே ஒட்டிப்போய்க் கிடக்கும். முக்கியமாக, அதில் இழுவை இல்லை. பார்வைக்குச் சில்லு, உள்ளே வேலை எதுவும் நடக்கவில்லை.

நாங்கள் 1/16 அளவிடையில் செய்தோம். இறக்கையின் நீளம் 49 சென்றிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. பிளம்பிங் வேலையில் மிஞ்சிய பீவீசீ குழாயில் ஒரு வளையம் வெட்டினோம், அதுதான் ரிம். பாகைமானி வைத்து 10 பாகைக்கு ஒன்றாக 36 அடையாளம் போட்டுத் துளைத்தோம். மை தீர்ந்த பேனைக் குழாயில் ஒரு துண்டும் இரு பக்கமும் சிறு வட்டத் தட்டுகளும் ஹப் ஆகின. கம்பிக்கு மெல்லிய தங்கூசி. ஒரு துளை ஹப்பின் இடப்பக்கத் தட்டுக்கு, அடுத்தது வலப்பக்கத் தட்டுக்கு என்று மாறி மாறிக் கோத்து, சுப்பர் குளூ ஒரு சொட்டு.

முதல் சில்லு நாசம். ஒரு பக்கத்தைக் கோத்து முடித்துவிட்டு மறுபக்கத்துக்கு வந்தார்கள், ஹப் மையத்தை விட்டு ஓடிவிட்டது. இரண்டாவதில் பலம் போட்டு இழுத்தார்கள், வளையம் முட்டை வடிவமானது. மூன்றாவதும் சரிவரவில்லை. நாலாவதில் ஒரு பிள்ளை சொன்னான்: "சேர், இந்தப் பக்கம் ஒண்டு இறுக்கினா நேர் எதிர்ப் பக்கம் ஒண்டு இறுக்கணும்." அவனுடைய மாமா சைக்கிள் திருத்துபவர். பின்னேரங்களில் அங்கே நின்று சில்லு நெளிவு எடுப்பதைப் பார்த்தவன். அன்றிலிருந்து கழகத்தில் அவன்தான் தலைமை மேசன்.

இதைச் சொல்லி அவன் கணிதத்தில் முதலாம் பிள்ளையாகிவிட்டான் என்று கதை முடிக்க நாங்கள் விரும்பவில்லை. தவணைப் பரீட்சையில் அவனுக்கு 38 தான். ஆனால் விசைகளின் சமநிலை பற்றிக் கரும்பலகையில் படம் போட்டபோது, வகுப்பில் முதலில் தலையாட்டியவன் அவன். மற்றவர்கள் கொப்பியில் எழுதினார்கள். அவன் விரலால் இழுத்துப் பார்த்திருந்தான். புலமைப்பரிசில், ரியூசன், கடந்தகால வினாத்தாள் என்று ஓடுகிற நம் பிள்ளைகளின் கைக்கு நாம் எப்போது வேலை கொடுக்கிறோம்? மூன்று தரம் பிழைத்து நாலாம் தரம் சரிவர, எந்தப் பாடவேளை இடம் தருகிறது? மூன்று கிழமை அதற்குத்தான் போனது, வாப்பா.

இனி அந்த உம்மாவின் கேள்வி. இது கொஞ்சம் கனமானது.

கால்வாயைக் கடந்து இரண்டு வருடம் ஆகவில்லை, இராணுவங்கள் பிளேரியோ விமானத்தை வாங்கத் தொடங்கிவிட்டன. 1911 ஒக்டோபர் 23 அன்று இத்தாலியக் கப்டன் கார்லோ பியாட்சா பிளேரியோ 11 இல் ஏறி, லிபியாவில் உஸ்மானியப் படைகள் இருந்த இடங்களை வேவு பார்த்தார். ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 1 அன்று, ஜூலியோ கவோட்டி என்பவர் ஏட்ரிச் டௌப என்ற இன்னொரு விமானத்திலிருந்து நான்கு சிறு குண்டுகளைக் கையால் கீழே போட்டார். விமானத்திலிருந்து போரில் போடப்பட்ட முதல் குண்டுகள் அவை. அய்ன் ஸாரா என்ற ஊரின் பெயர் அப்படித்தான் வரலாற்றில் ஏறியது. அதற்குப் பிறகு வானத்திலிருந்து விழுந்தவற்றை நாம் எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. இந்த நாட்டில் விமானச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

இந்த விபரத்தைப் பிள்ளைகள் ஒரு மட்டையில் எழுதி மாதிரிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். "கண்காட்சிக்கு இது எதற்கு, எடுத்துவிடுங்களேன்" என்று சிலர் சொன்னார்கள். எடுக்கவில்லை. விமானத்தை வைத்து மட்டையை எடுத்தால்தான் அந்த உம்மா பயந்தது நடக்கும். அழகான ஒரு பொருளை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளை வீட்டுக்குப் போகும். ஒரு நல்ல யோசனை எவ்வளவு விரைவாக எவருடைய கைக்குப் போனது என்பதையும் சேர்த்துப் பார்க்கட்டும். சில்லைக் கையால் செய்த பிள்ளைக்குத்தான் அந்தக் கேள்வி உறைக்கும் என்று நாங்கள் நம்புகிறோம். தான் பாடுபட்டுச் செய்தது எங்கே உருண்டு போகிறது என்று அவன் கேட்பான்.

மாதிரி இப்போது விஞ்ஞான கூட அலுமாரியில் இருக்கிறது, மட்டையோடு. பழுதான மூன்று சில்லுகளையும் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அடுத்த தவணை மாட்டுவண்டிச் சில்லு செய்ய யோசனை. வண்டில் வேலை தெரிந்த பெரியவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் தயவுசெய்து அறியத் தாருங்கள். பிள்ளைகளோடு நாங்களே வருகிறோம்.