பரண்மேல் பெயிண்ட் டப்பா

பொங்கல் நெருங்கினால் எங்கள் வாழப்பாடிப் பக்கம் பழைய எனாமல் பெயிண்ட் டப்பாக்கள் பரணிலிருந்து இறங்கிவிடும். ஜன்னலுக்கும் மாட்டுக் கொம்புக்கும் பூசணுமே! திறந்தால் மேலே தோலாக ஏடு கட்டியிருக்கும்.

அதைக் கலக்கிவிடாதீர்கள். நான் செய்வது இதுதான்: ஓரமாகக் கத்தியால் கீறி, ஏட்டை முழுசாக எடுத்துவிடுவேன். அடியில் உள்ளதை நன்றாகக் கிளறி, துளி டர்பன்டைன் விட்டு, பழைய நைலான் துணியில் வடிகட்டுவேன். அடிவரை இறுகிவிட்டால் எதை ஊற்றினாலும் பயனில்லை. எண்ணெய்ப் பெயிண்ட் தண்ணீர் மாதிரி வற்றிக் காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து இறுகுகிறது. வெந்த இட்லி மறுபடி மாவாகுமா?

இளம் தாய்மார்கள் தயாரிப்புத் தேதியைக் கட்டாயம் பாருங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாதென்ற விதி அமலுக்கு வந்தது 2017 நவம்பர் 1-ல்தான். அதற்கு முந்தைய டப்பா எத்தனை நன்றாக இருந்தாலும் தொட்டிலுக்கோ நடைவண்டிக்கோ வேண்டாம். குழந்தை கடிக்கும், ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மாட்டுக் கொம்புக்கும் வேண்டாம், ஒன்றையொன்று நக்குமே.

டர்பன்டைனைக் குடிதண்ணீர் பாட்டிலில் வைக்காதீர்கள். குழந்தை தப்பித்தவறிக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.